தை மாத வானமும் உன் அப்பாவும்

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்த ஊர்ப் பனியில் நீ காய்ச்சல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாகவே இருக்கிறோம், எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல, அப்பாவுக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, பெயர்தான் கெட்டுப்போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, நார்வேயில் இன்றைக்குச் சூரியன் எட்டிப் பார்த்ததா, வானத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் தெரிந்ததா என்று உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் வாயைத் திறக்க இடமில்லை. இன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லைப் போடப் போயிருக்கிறார், ஈரப்பதம் கூடுதல் என்று அவர்களும் இல்லை என்று இவரும் பேசி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் எழுதிவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சத்துணவுக் கூடத்தில் இருந்தவரைக்கும் முட்டைக் கணக்காவது எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது அதுவும் இல்லை.

எல்லாம் நீ வாங்கி அனுப்பிய தொலைநோக்கியில் ஆரம்பித்தது, உன்னைக் குறை சொல்லவில்லை. மின்வாரியத்தில் இருந்த காலமெல்லாம் கம்பத்தை அண்ணாந்து பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டும்தானே. மார்கழிப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மாடியில் நின்றார், நானும் சுக்குக் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு விட்டாரா, சனங்கள் பஞ்சாங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுவதை விட்டு வானத்தை நேராகப் பார்க்கட்டும் என்று, அடுத்த தெரு இராஜாங்கத்தின் டீக்கடையில் பலகாரம் எழுதிப்போடுகிற கரும்பலகையைக் கேட்டு வாங்கி அதில் 'இம்மாத வானம்' என்று எழுதிவைத்தார். எந்தத் தேதியில் அமாவாசை, எந்தத் தேதியில் பௌர்ணமி, வியாழன் மாலையில் கிழக்கே பளிச்சென்று தெரியும், சனி மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும், செவ்வாயும் வெள்ளியும் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டதால் இப்போது தெரியா. இதெல்லாம் எழுதி, கோள்கள் யாருக்கும் நல்லதும் செய்யாது கெட்டதும் செய்யாது என்று கடைசியில் ஒரு வரி எழுதி அடிக்கோடும் போட்டார். மறுநாள் மசால் வடை என்று எழுத இடம் வேண்டும் என்று இராஜாங்கம் அழித்தது அந்தக் கடைசி வரியை மட்டும்தான்.

அப்புறம் நடந்ததைக் கேள். சனி இறங்குகிறது என்று படித்த ஏழரைச் சனிக்காரர்கள் எல்லாம் கடையில் இருந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளி தெரியாது என்று பார்த்துவிட்டு, பேத்திக்குக் கொலுசு வாங்க மன்னார்குடிக்குக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். சம்பா அறுப்புக்கு நாள் குறித்துத் தாருங்கள் என்று ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்தார், அப்பா பொறுமையாக, "கதிர் முத்தி ஈரம் காஞ்சா அறுங்க, வேற நாளு கெடையாது" என்றார், அவர் அதையும் ஏதோ மந்திரம்போல வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அதிராம்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் பாசித் ஒருவர்தான் பலகையைப் படித்துவிட்டு, "பிறைய நாங்க கண்ணால பாத்தாத்தான் சார் ஒத்துக்குவோம், எழுதி வச்சதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டோம்" என்று சொல்லிப் போனார், அப்பாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் வேண்டாத வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மற்றபடி கடையில் நின்று, "நான் சோசியம் சொல்லலப்பா, வானியல் சொல்றேன்" என்று தொண்டை கிழியக் கத்தினால், "அதேதான் சார், வானியல் சோசியம், இப்ப அதுதான் கரெக்டா இருக்காம்" என்று பதில் வருகிறது. ராகு காலம் எப்போது என்று தேடிப் பிடித்து, அந்த நேரத்தில்தான் மாலை மாற்றுவேன் என்று என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர் அவர், அதற்கு இப்படி ஒரு கிரீடம்.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் சொல்வதில் எனக்கு இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை. இராஜாங்கத்தின் மகள் குந்தவையைப் போன தடவை பார்த்தாய், மன்னார்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், தாய் சரசு போன பிறகு பாதி நாள் நம் வீட்டில்தான் வளர்ந்தாள். அங்கே இளஞ்செழியன் என்று ஒரு பிள்ளை, திருப்பனந்தாள்காரன், அறுவடை இயந்திரங்கள் பழுது பார்க்கிறான், டெங்கு வந்து தினமும் ரத்தம் பார்க்க வந்தவன் காய்ச்சல் போன பிறகும் இரண்டு நாள் வந்து கையை நீட்டியிருக்கிறான். அப்படிப் பழக்கம். பையனின் அம்மா பிரகதாம்பாள் வந்து பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், கையில் பூவும் கொடுத்துவிட்டுப் போனாள், சாதகம் மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றாள். இராஜாங்கத்திடம் சாதகம் ஏது, ஆதார் அட்டையில் இருக்கிற பிறந்த தேதியைக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்தான், நேரம் கேட்டதற்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னான், எட்டாம் இடத்தில் செவ்வாய், தோஷம் உண்டு என்று கொட்டை எழுத்தில் அச்சாகி வந்துவிட்டது. பிரகதாம்பாள் போனில், "பொண்ணு தங்கமான பொண்ணுங்க, எட்டுல செவ்வா இருக்கே, எம் புள்ளைய பணயம் வைக்க முடியாதுங்க" என்று சொல்லி அழுதுகொண்டே வைத்துவிட்டாளாம். மார்கழிப் பௌர்ணமி, சிவன் கோயிலில் திருவாதிரைக் களி கொடுத்த அன்றைக்கு நடந்தது இது.

பையன் பதிவு அலுவலகத்தில் பண்ணிக்கொள்ளலாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். குந்தவைதான் ஒப்பவில்லை. என்னிடம் வந்து பீர்க்கங்காய் தோல் சீவிக்கொண்டே சொன்னாள், "அவங்க அம்மா பயந்துகிட்டே இருக்கற வீட்டுல நான் எப்படி பெரியம்மா இருக்கறது, அவருக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என் மூஞ்சியத்தானே பாப்பாங்க." அவள் அழவில்லை, சீவிய காயையே மறுபடி சீவிக்கொண்டிருந்தாள், நான்தான் கத்தியைப் பிடுங்கி வைத்தேன். பொங்கல் வந்தது, போனது, அந்த வீட்டில் பால் பொங்கியதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு இராஜாங்கம் அப்பாவைத் தேடி வந்து, "அண்ணே, செவ்வாய நேர்ல பாக்குற ஆளு நீங்கதான், நீங்க சொன்னா அந்தம்மா கேப்பாங்க" என்றான். அப்பா நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, செவ்வாய் என்பது வெறும் துருப்பிடித்த மண் என்பதில் தொடங்கி மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை விளக்கினார். இராஜாங்கம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, "அப்ப இதுக்கு என்ன பரிகாரம்ண்ணே" என்றான். அப்பா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்த சத்தம் உனக்கே கேட்டிருக்கும். அந்தம்மாவையே இங்கே அழைத்துக்கொண்டு வா, நான் பேசுகிறேன் என்றார்.

தை அமாவாசை அன்று காவிரியில் முழுகி, மகன் தர்ப்பணம் கொடுத்து முடித்ததும் ஈரத் தலையோடு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள் பிரகதாம்பாள். அப்பா தயாராக இருந்தார், ஆரஞ்சுப் பழம், சாத்துக்குடி, எலுமிச்சை எல்லாவற்றையும் மேசையில் சூரியன் பூமி செவ்வாய் என்று பரப்பி வைத்திருந்தார், நான் ஜூஸ் போட வாங்கியது. அவர் பேசி முடித்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள், "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். எம் புருசன் வயலுக்குத் தண்ணி பாக்கப் போனாருங்கய்யா, புயலுக்கு மறுநாள், அறுந்து கெடந்த கரண்டு கம்பிய மிதிச்சிட்டாரு. கருமாதி அன்னிக்கே சொன்னாங்க, எனக்கு எட்டுல செவ்வாயாம், பாக்காம கட்டிட்டாங்களாம், நான்தான் தின்னுட்டேனாம். இவன் அப்ப கைக்கொழந்த. இந்தப் பொண்ணு நாளைக்கு என்ன மாதிரி உக்காந்திரக் கூடாது, அதுக்குத்தான் வேணாங்கறேன், அவமேல எனக்கு என்ன கோவம்."

தமிழ், உன் அப்பா எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்றைக்கு எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். புயலுக்கு மறுநாள் வயல்களில் எப்படிக் கம்பி அறுந்து கிடக்கும், யார் யார் எதை மிதித்தார்கள் என்பதை இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது, எத்தனை வீடுகளில் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறார், நீயே பார்த்திருக்கிறாய். அப்புறம் சொன்னார், "காத்து அறுத்த கம்பிம்மா அது. அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல. இது நான் பாத்த வேல, எனக்குத் தெரியும்." அவள் தலையை ஆட்டினாள், நம்பிய மாதிரி இல்லை, மரியாதைக்கு ஆட்டினாள். அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. போனை எடுத்து வானம் காட்டும் அந்த ஆப்பில் குந்தவையின் ஆதார் தேதியைப் போட்டுப் பார்த்தார், அதாவது ஆனி மாதம். பார்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தார். பிறகு, "இந்தத் தேதியில செவ்வாய் சூரியனுக்குப் பின்னாடி மறைஞ்சு கெடந்திருக்கு, பூமியிலேர்ந்து யாரு பாத்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றார். அவள் நிமிர்ந்தாள். "அப்ப அதுவும் நம்மள பாத்திருக்காதா?" என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "சூரியன் நடுவுல நிக்கும்போது எப்படிம்மா பாக்கும்" என்றார். "சத்தியமா?" "சத்தியம் எதுக்கு, கணக்குத்தான்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள், பிறகு என்னிடம், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, வளர்பிறையிலேயே முடித்துவிடலாம் என்று மகனிடம் சொன்னாள். அவன் அப்பாவின் காலில் விழப்போக, அவர் ஒதுங்கியதில் சாத்துக்குடி எல்லாம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்ன புரிந்துகொள்வாள் என்று தெரிந்தே நிஜத்தைச் சொன்னார், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் முகச்சவரம் பண்ணவில்லை, தொலைநோக்கிக்குப் போர்வை போர்த்திவிட்டார். "நானும் சாதகம் பாத்துட்டேன் தங்கம்" என்றார் என்னிடம், ஏதோ குடித்துவிட்டு வந்த மாதிரி. நான் தோசை வார்த்துப் போட்டேன், நான்கு சாப்பிட்டார்.

கல்யாணம் புதன்கிழமை, ஊர் மண்டபத்தில். காலையில் மண்டப வாசலுக்குப் போனால் அங்கே ஒரு ஃபிளெக்ஸ். அப்பா தொலைநோக்கி பக்கத்தில் நிற்கிற படம், நீ எடுத்து முகநூலில் போட்டாயே அதேதான், தலைக்குப் பின்னால் ஒன்பது கிரகமும் சுற்றுகின்றன, கீழே 'வானியல் சித்தர் ஐயா வீரையன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்'. மாப்பிள்ளையின் ஒர்க்ஷாப் நண்பர்கள் அன்பில் செய்தது. அவிழ்த்துப் போடு என்றார் அப்பா, இராஜாங்கம் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நல்ல காரியம் நடக்கற எடத்துல கட்டுனத அவுக்கக் கூடாதுண்ணே" என்றான், அதற்குள் இரண்டு பேர் அப்பாவோடு செல்ஃபி எடுத்துவிட்டார்கள். கறுப்புச் சட்டையில் வந்திருந்தார், சித்தர்கள் கறுப்புத்தான் போடுவார்கள் என்று யாரோ விளக்கம் சொல்வது என் காதிலேயே விழுந்தது.

தாலி கட்டுகிற நேரம் வந்தது. பிரகதாம்பாள் பெற்ற மகன் கல்யாணத்தில் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகவே போனாள், அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். தாலித் தட்டை மாப்பிள்ளையின் சித்தி எடுத்துவிட்டாள். அப்பா எழுந்தார். கூட்டங்களில் பேசுகிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், "மாப்பிள்ளையோட அம்மாதான் தாலிய எடுத்துக் குடுக்கணும்." பெரியவர் ஒருவர், "அதுக்குச் சாஸ்திரத்துல எடம் இருக்குதுங்களா சாமி" என்று பணிவாகக் கேட்டார். சாமி என்றதும் அப்பாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னிக்கு இருக்கு" என்றார். அவ்வளவுதான், கூட்டம் வழிவிட்டது, சித்தி தட்டை நீட்டினாள், பிரகதாம்பாள் தூணை விட்டு வந்து தாலியை எடுத்து மகனிடம் கொடுத்தாள். மேடை மேடையாகப் பேசி, கல்லடி வாங்கி, சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்தில்கூட நடத்த முடியாத காரியம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அட்சதை எங்கே போடுகிறேன் என்று தெரியாமல் மேளக்காரர் தலையில் போட்டேன்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அன்று காலை குந்தவைக்குச் சடை பின்னும்போது அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பெரியம்மா, நான் ஐப்பசி மழையில பொறந்தவதானே?" என்றாள். ஆமாம், வாய்க்கால் உடைந்து தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர், சரசுவை நானும் உன் அப்பாவும் பாடையில் வைத்துத் தூக்குகிற மாதிரி கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆனியிலேயே பிறந்தநாள் வைத்துவிட்டார், அவருக்கு அது சௌகரியம். இராஜாங்கத்துக்கு மறந்துபோயிற்று, உன் அப்பாவுக்கும் கட்டில் கனத்தது மட்டும்தான் ஞாபகம். தோஷமும் பொய்த் தேதியில் வந்தது, நிவர்த்தியும் பொய்த் தேதியில் போனது. "பேசாம தலைய நிமித்து, பூ சரியுது" என்றேன், அவளும் நிமிர்த்திக்கொண்டாள். விருந்து முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லப் போனை எடுத்து நிஜமான தேதியைப் போட்டார், பார்த்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துகொண்டார். என்ன தெரிகிறது என்றேன். "விடியக்காலையில கெழக்க, சிவப்பா, நல்லாவே இருந்திருக்கு" என்றார். போனை மூடி வைத்துவிட்டு அவராகவே, "ஆனா அன்னிக்குத்தான் மேகமாச்சே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, இருமல் வரும்வரை சிரித்தார், அப்புறம் போய்த் தொலைநோக்கியின் போர்வையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மறுவீட்டு விருந்துக்குப் பெண் மாப்பிள்ளையோடு பிரகதாம்பாளும் வந்திருந்தாள். விளக்கு வைத்த பிறகு எல்லோரும் மாடிக்குப் போனோம், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்திய நிலா, பக்கத்திலேயே வியாழன், குரு சந்திர யோகம் என்று இராஜாங்கம் ஆரம்பித்தான், அப்பா பார்த்த பார்வையில் கீழே இறங்கிப் போய்விட்டான். பிரகதாம்பாளைத் தொலைநோக்கியின் முக்காலிக்கு முன் நிற்கவைத்து, நிலாவின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார், நிழல் விழுகிற இடத்தில்தான் பள்ளம் தெரியுமாம். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரே குழியும் மேடுமா கெடக்கு" என்றாள். ஆள் இல்லையா என்று கேட்டாள், இல்லை என்றார். தண்ணீர் இல்லையா, காற்று இல்லையா என்றாள், இல்லை என்றார். செவ்வாயும் இப்படித்தானா என்றாள், கிட்டத்தட்ட இப்படித்தான் என்றார். "ஐயோ பாவம், இது போயி யார என்ன பண்ணும்" என்றாள், யாரிடமும் சொல்லவில்லை, அந்தக் குழாய்க்குள்ளேயே சொன்னாள். அப்பா மூச்சுக்கூட விடாமல் நின்றார், அவர் முகத்தை அப்படி நான் பார்த்தது நீ பிறந்த அன்றைக்குத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, எங்கள் இருவரையும் திருப்பனந்தாளுக்கு ஒருநாள் சாப்பிட வரச் சொன்னாள், "வர்ற செவ்வாக்கெழம வாங்களேன்" என்றாள். அப்பா சந்தோஷத்தில் யோசிக்காமல், "செவ்வாக்கெழம வேணாம்மா, அன்னிக்கு அங்க கரண்டு நிறுத்துவாங்க" என்று சொல்ல வந்தவர், முதல் பாதியைச் சொன்னதுமே இருமல் வந்து நின்றுவிட்டார். பிரகதாம்பாள் மருமகளைப் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டினாள். "நீங்க சொன்னா சரியாத்தாங்கய்யா இருக்கும், புதன்கெழமையே வாங்க" என்று படி இறங்கிவிட்டாள்.

அங்கே வெயில் இல்லாததற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மறக்காமல் போடு, போடுகிறேன் என்று வாயால் சொன்னால் போதாது. இத்துடன் மோர் மிளகாயும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன், ஈரம் படாமல் பார்த்துக்கொள். அப்பாவிடம் பேசும்போது ஃபிளெக்ஸ் பற்றி நீயாக எடுக்காதே, அவர் சொன்னால் இப்போதுதான் கேட்கிற மாதிரி கேள். உன் மனதில் யாராவது இருந்தால் எனக்கு எழுது, நாள் நட்சத்திரம் எதுவும் கேட்க மாட்டேன், சமைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்பேன். ஆசீர்வாதம் என்று எழுதாதே, வாழ்த்துகள் என்று எழுது என்பார் உன் அப்பா, அதனால் அவர் வாழ்த்துகள். என் ஆசீர்வாதமும் உண்டு, காளியம்மன் கோயிலில் உன் பெயருக்குப் போட்ட விளக்கும் உண்டு, அது அவருக்குத் தெரியும், எண்ணெய் வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

உன் அம்மா,
தங்கம்மாள் வீரையன்